மலையகத்தில் பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டிப் பக்கங்களில் பழைய காமிக்ஸ் வைத்திருப்பவர்களும் இப்போதுதான் சேர்க்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். புத்தகம் பேணுவது பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை வெயில் காயும் ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மழையும் பனிமூட்டமும் உள்ள நம் ஊர்களுக்கு அவற்றில் பாதி ஒத்துவராது.

சூப்பர்ஹீரோ காமிக்ஸ்னா சூப்பர்மேன், ஸ்பைடர்மேன் மட்டுந்தானா? நம்ம தமிழ்ப் புத்தகம் எல்லாம் கணக்கில வருமா?

வரும். அமெரிக்கக் கணக்கில் இந்த வகை 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில், சூப்பர்மேனோடு தொடங்குகிறது. பேட்மேன் 1939இல் டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழில் வந்தார். ஸ்பைடர்மேன் 1962 ஆகஸ்ட் தேதியிட்ட அமேசிங் ஃபேன்டஸி 15இல் வந்தார். ஆனால் தமிழ் வாசகர்கள் வளர்ந்தது பெரும்பாலும் வேறு வழியில். லண்டனில் வெளியான வேலியண்ட், லயன் போன்ற வார இதழ்களின் தொடர்கதைகள்தான் சிவகாசியில் தமிழாகி இங்கே வந்தன.

முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. முல்லை தங்கராசன் அதன் தொடக்ககால ஆசிரியர். தமிழில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில், 1984 ஜூலையில், வந்தன. லயனின் முதல் இதழ் மாடஸ்டி கதை, ராணியின் முதல் இதழ் ஜேம்ஸ் பாண்ட் கதை. அதனால் எந்தப் பெட்டியிலும் உளவாளி, துப்பறிவாளர், கௌபாய், சூப்பர்ஹீரோ எல்லாம் கலந்தே கிடக்கும். வகை பிரித்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

வீட்டுல மாயாவி புத்தகம் ஒன்னு இருக்கு. அட்டையில முகமூடி போட்ட ஆளு நிக்கிறாரு, இரும்புக்கையே காணோம். டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் அல்ல. முத்து காமிக்ஸின் மாயாவி லூயிஸ் கிராண்டேல். வலது கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். 1962இல் வேலியண்ட் இதழில் தொடங்கிய இந்தக் கதையை வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஜெசுஸ் பிளாஸ்கோ. ராணி காமிக்ஸோ, லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய ஃபேண்டமை மாயாவி என்ற பெயரில் வெளியிட்டது. அதே ஃபேண்டம் வேறு தமிழ்ப் பதிப்புகளில் வேதாளர். உங்களிடம் இருப்பது ராணி காமிக்ஸாகத்தான் இருக்கும். வாங்கும்போதும் விற்கும்போதும் ‘மாயாவி’ என்று மட்டும் சொல்லாமல், வெளியீட்டின் பெயரையும் இதழ் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசி முடிக்கும் பேரங்கள் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான்.

எண்பதுகள்ல வந்தது ஓரளவு கிடைக்குது. எழுபதுகள்ல வந்த முத்து காமிக்ஸ் மட்டும் ஏன் நம்ம பக்கம் கண்ணுலயே படுறதில்ல?

காரணம் ஒன்றல்ல. 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகுதான் வரத்து சீரானது. ஆகவே முத்துவின் முதல் ஐந்து வருட இதழ்கள் இங்கே வந்து சேர்ந்ததே குறைவு. வந்த பிரதியும் கைமாறிக் கைமாறி, அட்டை கழன்று, நடுப்பக்கம் தொலையும்வரை படிக்கப்பட்டது.

அடுத்தது, ஆட்களே இடம்பெயர்ந்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பம் குடும்பமாக இந்தியா அனுப்பப்பட்ட காலமும் இதுதான். கட்டிக்கொண்டு போகும் மூட்டையில் சிறுவர் புத்தகத்துக்கு இடம் இருக்காது. 1977, 1981, 1983 வன்செயல்களில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது புத்தகங்களும் போயின. இவை எல்லாவற்றுக்கும் தப்பிய பிரதியை லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், ஈரம் அரித்தது. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி ஈரத்தைப் பற்றியே இருப்பதற்கு அதுதான் காரணம். எழுபதுகளின் இதழ் ஒன்று மலையக வீட்டிலிருந்து முழுசாகக் கிடைத்தால், அதன் அட்டை எவ்வளவு மங்கியிருந்தாலும் அதைப் பெரிதாக மதிக்க வேண்டும்.

என்கிட்ட இருக்கிறது அந்தக் காலத்துதா, பின்னாடி போட்ட மறுபதிப்பா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் அட்டையை விட்டுவிட்டு உள்பக்கத்தைப் பாருங்கள். அச்சகம், வெளியீட்டாளர், மாதம், ஆண்டு ஆகியவை உள்ளட்டையிலோ கடைசிப் பக்கத்தின் அடியிலோ சிறிய எழுத்தில் இருக்கும். அது கிழிந்து போயிருந்தால் விளம்பரங்களும் ‘அடுத்த வெளியீடு’ அறிவிப்பும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். மாயாவி கதைகளைக் ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ என்ற பெயரில் முத்து காமிக்ஸ் நிறுவனமே பின்னாளில் மறுபதிப்பு செய்திருக்கிறது. ஆகவே கதையின் தலைப்பு ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து 1972 என்று முடிவு கட்டக் கூடாது.

தாளின் நிறத்தை நம்ப வேண்டாம். செய்தித்தாள் காகிதத்தில் மரக்கூழோடு லிக்னின் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும், அமிலம் ஊறித் தாள் நொறுங்கும். வெயில் படும் யன்னலோரம் பத்து வருடம் கிடந்த மறுபதிப்பு, பெட்டிக்குள் நாற்பது வருடம் இருந்த முதல் பதிப்பைவிடப் பழசாகத் தெரியும்.

நுவரெலியா குளிர் ஊருதானே. குளிர்ல புத்தகம் கெடாதுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. குளிர் அமிலத்தின் வேலையை மெதுவாக்கும். அதனால்தான் கொழும்பில் கிடந்த பிரதியைவிட நம் பக்கத்துப் பிரதியின் தாள் சில நேரம் வெள்ளையாக இருக்கும். ஆனால் காற்று குளிரும்போது அதில் உள்ள ஈரப்பதத்தின் வீதம் ஏறும். 65 வீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணத்துக்குச் சாதகம். பகலில் வெதுவெதுப்பாக இருந்த அறையில் மூடிய பெட்டி, இரவில் 12 பாகைக்கு இறங்கும்போது உள்ளேயே ஈரம் கட்டும்.

மழைக்காலமும் ஊருக்கு ஊர் வேறு. வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஈரம் கூடுதல், நடு வருடம் காய்ந்திருக்கும். பெட்டியைத் திறந்து வரிசைப்படுத்துவது, படம் எடுப்பது போன்ற வேலைகளை உங்கள் ஊரின் காய்ந்த மாதங்களில் வையுங்கள்.

சரி, பெட்டியை எப்படித் தயார் பண்றது? அளவோட சொல்லுங்க.

ரப்பர் விளிம்பும் பூட்டுக் கொக்கியும் உள்ள 30 லீட்டர் பிளாஸ்டிக் பெட்டி, 250 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி. இந்த மூன்றும் போதும். ஜெல்லில் செம்மஞ்சள் நிறக் குறிகாட்டி உள்ளதை வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைட் இருப்பதால் வீட்டில் வேண்டாம். பருத்தித் துணிப்பையில் கட்டி, புத்தகத்தில் படாமல் ஓரத்தில் வையுங்கள். ஈரப்பதமானி 45 முதல் 55 வரை காட்ட வேண்டும். 35க்குக் கீழே போனால் ஜெல்லைக் குறையுங்கள், தாள் முறுகிவிடும்.

மலிவான ஈரப்பதமானிகள் பத்துப் புள்ளி வரை பொய் சொல்லும். ஒரு மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் மானி 6 குறைவாகச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

‘ஜெல் போட்டும் இறங்கலையே’ என்று பலர் கைவிடும் இடம் ஒன்று உண்டு. ஈரத்தின் பெரும்பகுதி காற்றில் இல்லை, தாளில் இருக்கிறது. 80 வீத ஈரத்தில் கிடந்த ஒரு கிலோ காகிதம் 50 வீதத்துக்கு இறங்க ஏறக்குறைய 30, 40 கிராம் நீரை வெளியே விட வேண்டும். பத்துக் கிலோ புத்தகத்துக்கு அது மூன்று, நான்கு நூறு கிராம். ஆகவே முதல் சில வாரங்களில் ஜெல்லை நிறம் மாறும்போதெல்லாம் காயவைத்துத் திருப்பிப் போட வேண்டியிருக்கும். ஓவனில் 110 முதல் 120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். ஓவன் இல்லையென்றால் பழைய தாச்சியில் மெல்லிய தீயில் கிளறலாம், அந்தத் தாச்சியைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். பின்னர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அரிசி போடுவது வேண்டாம். அது ஈரத்தைச் சரியாக இழுக்காது, பூச்சியை மட்டும் சரியாக இழுக்கும்.

பெட்டியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், சீமெந்துத் தரையிலும் வைக்காதீர்கள். சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி, தரையிலிருந்து அரை அடி உயரம். தகரக் கூரைக்கு நேர் கீழேயும் வேண்டாம். பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும் இடம் அது.

தாத்தா காலத்துத் தேயிலைப் பெட்டி ஒன்னு இருக்கு. அதுல வைச்சா?

பார்க்க அழகு, வைக்க நல்லதல்ல. ஒட்டுப்பலகையும் அதன் பசையும் அமில ஆவியை விடும். உள்ளே ஒட்டிய அலுமினியத் தாள் முழுசாக இருந்தால் ஓரளவு தடுக்கும். ஆனால் பெரும்பாலும் மூலைகளில் கிழிந்திருக்கும். மேலேயுள்ள பிளாஸ்டிக் பெட்டியை அதற்குள் இறக்கி வையுங்கள், இரண்டும் நடக்கும். ட்ரங்குப் பெட்டிக்கும் இதே பதில்தான், அதில் கூடுதல் தொல்லை துரு.

புத்தகத்துக்கு உறை போடணும்னா எந்த பிளாஸ்டிக்?

பொலிஎஸ்டர் தாள் உறை மிகச் சிறந்தது, விலை கூடியது. பொலிப்ரொப்பிலீன் உறை நடைமுறைக்குப் போதும், ஆனால் ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டும். பாடப்புத்தகத்துக்குப் போடும் மெதுமெதுப்பான, வாசனை வரும் பிவிசி உறை கூடவே கூடாது. அது மையை அட்டையிலிருந்து உரித்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். லேமினேட் செய்வது பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: செய்யாதீர்கள், திருப்ப முடியாது.

தமிழ் இதழ்கள் பல அளவுகளில் வந்தன. ஆகவே அமெரிக்க அளவு உறை வாங்கிச் சுருட்டிப் போடாமல், புத்தகத்தை அளந்து அகலத்தில் கால் அங்குலம் கூடுதலாக வாங்குங்கள். பின்னால் அமிலம் நீக்கிய அட்டை வையுங்கள். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி வைத்தால் அதன் பழுப்பு ஒரு சில வருடங்களில் பின்னட்டைக்கு இறங்கும்.

பூஞ்சணம் புடிச்சிருச்சு. வெயில்ல காயப்போட்டு டெட்டோல் துணியால துடைச்சா போயிருமா?

இரண்டும் வேண்டாம். நேர் வெயில் அட்டையின் சிவப்பையும் மஞ்சளையும் சில நாளில் வெளிறச் செய்யும். டெட்டோல், வெளிற்றும் திரவம், வினாகிரி எல்லாம் தாளுக்கு மீண்டும் ஈரத்தைக் கொடுக்கின்றன.

முதலில் அந்தப் புத்தகத்தை மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். ஜெல் போட்ட தனிப் பெட்டியில் இரண்டு வாரம் காயட்டும். காய்ந்த பூஞ்சணம் தூளாகும், ஈரமானது பூசிக்கொள்ளும், அதனால் பொறுமை தேவை. பிறகு என்95 முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, காற்று உங்களிடமிருந்து விலகி வீசும் பக்கமாகத் திரும்பி, மெல்லிய ஓவியத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். கறுத்த புள்ளிகள் தங்கிவிடும். அவற்றைத் தேய்க்கப் போனால் படமும் சேர்ந்து போகும்.

கூரை ஒழுகி ஒரு கட்டே நனைஞ்சு போச்சு. இப்ப என்ன செய்ய?

48 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். ஒட்டிய பக்கங்களை இழுக்காதீர்கள். சில புத்தகங்கள்தான் என்றால், பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைச் சமையலறைத் தாள் இடையில் வைத்து, மின்விசிறிக் காற்றில் மூன்று மணிக்கொரு முறை தாளை மாற்றுங்கள். அச்சிட்ட செய்தித்தாளை இடையில் வைத்தால் அதன் மை ஏறிவிடும். தொண்ணூறு வீதம் காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே பாரம் ஏற்றினால் நெளிவு குறையும்.

கட்டு பெரிது, கை போதவில்லை என்றால், தனித்தனிப் பொலித்தீனில் சுற்றி ஆழ்உறை குளிரூட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த புத்தகத்தில் பூஞ்சணம் வளராது. மாதக்கணக்கில் காத்திருந்து இரண்டு மூன்றாக எடுத்துக் காயவைக்கலாம்.

வெள்ளிப்பூச்சி, கரப்பான் தொல்லை. நப்தலீன் உருண்டையா, வேப்பிலையா? பெரியவங்க அடுப்புக்கு மேல வைக்கச் சொல்றாங்க.

நப்தலீன் வாசனை தாளில் ஏறினால் வருடக்கணக்கில் போகாது, அந்த ஆவி உடம்புக்கும் கேடு. வேப்பிலை பச்சையாக இருந்தால் ஈரமும் கறையும்தான் மிச்சம். விறகடுப்புப் புகையால் பூச்சி குறைவது உண்மை, ஆனால் கரியும் பிசினும் அட்டையில் படிந்து, எந்தத் தூரிகைக்கும் போகாத மஞ்சள் ஏறும். அடுப்புக்கு மேலிருந்து வந்த பிரதிகளை மணத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

குளிர்தான் நல்ல மருந்து. காய்ந்த புத்தகத்தைப் பொலித்தீனில் காற்றுப் போகக் கட்டி, −18 பாகை உள்ள ஆழ்உறை குளிரூட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் நீராய்ப் படியும். புதிதாக வாங்கிய எந்தப் பழைய புத்தகத்தையும் இப்படிச் செய்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பது நல்லது.

அட்டை கழண்டிருக்கு, பின்னும் துரு. செலோடேப் ஒட்டி புதுப் பின் அடிச்சிரலாமா?

செலோடேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிளாஸ்டிக் மட்டும் கழன்று விழும், கறை நிரந்தரம். கழன்ற அட்டையைப் புத்தகத்தோடு ஒரே உறையில் வையுங்கள், அது போதும். துருப்பிடித்த பின்னும் அந்த இதழோடு பிறந்தது. தாளை அரிக்காதவரை விடலாம். அரிக்கத் தொடங்கினால் வால்களை மரக்குச்சியால் நிமிர்த்தி மெல்ல எடுத்து, அதே துளைகள் வழியே வெள்ளைப் பருத்தி நூலால் கட்டுங்கள். புதுத் துளை போடாதீர்கள்.

வாசிகசாலை முத்திரை, யாரோ பேர், இலங்கை விலைன்னு என்னென்னவோ அடிச்சிருக்கு. அழிச்சா விலை கூடுமா?

அழிக்கவே அழிக்காதீர்கள். வெளிநாட்டுத் தரவரிசையில் எழுத்துக்கும் முத்திரைக்கும் புள்ளி குறைப்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரு தோட்ட வாசிகசாலையின் முத்திரையோ, ரூபாயில் அடித்த விலையோ, ‘3ஆம் வகுப்பு’ என்று எழுதிய பெயரோ இருந்தால், அந்த இதழ் மலைக்கு வந்ததற்கும் யார் கையில் இருந்தது என்பதற்கும் அதைவிட வேறு சான்று இல்லை. நாள் வாடகைக்கும் மாற்றுக்கும் புத்தகம் ஓடிய காலத்தைப் பற்றி எழுதி வைத்தவர்கள் குறைவு. இந்த முத்திரைகள்தான் மிஞ்சியிருக்கின்றன. புத்தகத்தைக் கொடுத்தவரிடம் ஊர், தோட்டம், ஏறக்குறைய எந்த வருடம் என்று கேட்டு, தனிக் கடதாசியில் பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள். புத்தகத்தின்மேல் எழுத வேண்டாம்.

பன்னிரண்டு இதழைச் சேர்த்து பைண்ட் பண்ணியிருக்காங்க. பிரிக்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். பைண்ட் செய்பவர் மூன்று ஓரத்தையும் வெட்டியிருப்பார், முதுகில் பசையும் ஊசியும் போயிருக்கும். பிரித்தால் பன்னிரண்டு காயப்பட்ட இதழ்கள்தான் கிடைக்கும். அட்டைகள் உள்ளே இருக்கின்றனவா, பக்கம் விடுபட்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துப் பட்டியல் எழுதிவிட்டு அப்படியே வையுங்கள். நம் ஊரில் பைண்ட் செய்யப்பட்டவைதான் அதிகம் தப்பின.

தேடுறதுன்னா எங்க தேடுறது?

கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடை வரிசை, கண்டி நகரப் பழைய புத்தகக் கடைகள், கிலோ கணக்கில் பேப்பர் எடுப்பவர்கள். கடைசியாகச் சொன்னவர்களிடம்தான் எதிர்பாராதது வரும். உங்கள் எண்ணைக் கொடுத்து, பேப்பர் விலையைவிடக் கூடக் கொடுப்பதாகச் சொல்லி வையுங்கள். சிங்களச் சித்திரக்கதை ஏடுகளான சதுட, சித்தர போன்றவை கிடைத்தால் ஒதுக்காதீர்கள், அதே காலத்து வாசிப்பின் மறுபாதி அவை.

ஒருத்தர் சூப்பர்மேன் முதல் இதழே வச்சிருக்கேங்கிறாரு. பத்து சென்ட் விலை, 1938, எல்லாம் போட்டிருக்கு!

அடிக்கோலை எடுங்கள். 1974இல் டிசி நிறுவனம் அந்த முதல் இதழைப் பெரிய அளவில், பழைய விலை, தேதி, விளம்பரங்களோடு அப்படியே மறுபதிப்பு செய்தது. வெளியட்டையில் மறுபதிப்பு என்று தெரியும், அந்த அட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளட்டை அசல் போலவே இருக்கும். அசலின் உயரம் ஏறக்குறைய பத்தரை அங்குலம், மறுபதிப்பு பதின்மூன்றைத் தாண்டும்.

மற்ற அமெரிக்க இதழ்களுக்கு விலையே நல்ல வழிகாட்டி. 1961 இறுதி வரை 10 சென்ட், பிறகு 12, 1969இல் 15, 1972 வாக்கில் 20, 1974இல் 25. சென்ட்டுக்குப் பதில் ‘9டி’ என்று பென்ஸ் விலை இருந்தால் போலி என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியச் சந்தைக்காக அமெரிக்காவிலேயே விலையை மட்டும் மாற்றி அச்சிட்டார்கள்.

இந்திரஜால் காமிக்ஸ் நம்பர் புரியல. 400க்கு மேல போயிட்டு திடீர்னு 20, 21ன்னு வருது?

1964இல் பம்பாயில் தொடங்கி 1990 வரை வந்த இந்திரஜாலின் ஆங்கிலப் பதிப்பு, 443ஆம் எண்ணுக்குப் பிறகு தொடர் எண்ணை விட்டுவிட்டுத் தொகுதி 20, எண் 1 என்று மாறியது. மொத்தம் 803 இதழ்கள். பட்டியல் எழுதும்போது தொகுதி, எண், தேதி மூன்றையும் குறியுங்கள். தமிழ்ப் பதிப்பின் எண்ணை ஆங்கிலப் பட்டியலோடு நேரடியாகப் பொருத்தாதீர்கள், கதைத் தலைப்பை வைத்துச் சரிபாருங்கள்.

வெளிநாட்டுல 9.4, 6.0ன்னு தரம் சொல்றாங்களே. நம்ம புத்தகத்துக்கு எவ்வளவு போடுறது?

அது பத்துப் புள்ளி அளவு. 9.4 ஏறக்குறையப் புதிது, 8.0 மிக நன்று, 4.0 படித்துப் பழகியது, 1.0 கிழிந்தும் கறைபட்டும் இருப்பது, 0.5 முழுமையற்றது. மலையகத்தில் கிடைக்கும் தமிழ் இதழ்களில் பெரும்பகுதி 1.0க்கும் 4.0க்கும் இடையில் நிற்கும். எண்ணைவிட விபரம் பயனுள்ளது: பக்கங்கள் முழுசா, அட்டை இரண்டும் உண்டா, பூஞ்சணம், பூச்சித்துளை, டேப், முத்திரை. இவற்றைப் படத்தோடு சொன்னால் வாங்குபவருடன் தகராறு வராது.

படிக்கிறதுக்காக ஸ்கேன் பண்ணி வச்சுக்கலாமா? எல்லாருக்கும் அனுப்பலாமா?

உங்கள் பாவனைக்கு எடுத்து வையுங்கள், அசலை அடிக்கடி திறக்க வேண்டியிருக்காது. உள்பக்கம் 300, அட்டை 600 புள்ளியடர்த்தி போதும். தட்டை ஸ்கேனரில் முதுகை அழுத்தினால் பின் கிழித்துக்கொண்டு வரும். நொறுங்கும் தாளானால் 90 பாகைக்கு மட்டும் திறந்து, மேலிருந்து கைபேசியில் படம் எடுங்கள். முழுப் புத்தகத்தையும் பரப்புவது வேறு விடயம். உரிமை வெளியீட்டாளர்களிடம் இருக்கிறது, முத்துவும் லயனும் இன்றும் வருகின்றன. அட்டை, வெளியீட்டு விபரம், முத்திரை உள்ள பக்கம் ஆகியவற்றின் படங்களை மட்டும் பகிர்ந்தாலே, வேறொரு ஊரில் அதே இதழை வைத்துக்கொண்டு ஆண்டு தெரியாமல் இருப்பவருக்கு விடை கிடைத்துவிடும்.